வாய் திறக்காத ஏலம்

எங்கள் ஊர்க்காரர்கள் வாயை மூடி நான் பார்த்தது ரொம்பக் குறைவு. கூடலூருக்குக் கீழே, மலையை ஒட்டின ஊர் எங்களுடையது. ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்குவதற்கு நின்று நிதானமாகப் பேசி, கடைசியில் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றையும் சும்மா வாங்கிக்கொண்டுதான் நகர்வார்கள். குமுளி ஜீப்பில் ஏறினால், வண்டி லோயர் கேம்ப் தாண்டும் வரைக்கும் டிரைவரோடு வண்டிக்கூலி பேசுவார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி ஒரு பக்கம் நடக்கும், பந்தல்காரரிடம் வாடகை குறைக்கிற பேச்சு மறு பக்கம் நடக்கும். நானும் அந்த ஊர்க்காரிதான். தேங்காய் ஏவாரி எவனும் என் தோப்பில் ஒரே பேச்சில் விலை முடித்துக்கொண்டு போனதில்லை. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊர், வருடத்தில் ஒரு நாள் வாயைக் கட்டிக்கொள்ளும். எல்லா வருடமும் இல்லை. தேவைப்படுகிற வருடம் மட்டும்.

எங்கள் அம்மன் கோயிலுக்கு ஒரு புளியந்தோப்பு உண்டு. ஓடைக்கரையில் வரிசையாக நிற்கிற பழைய மரங்கள். இரண்டு ஆள் கை கோர்த்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். தை மாசம் காய் செங்காயாக இருக்கும்போதே அந்த வருடத்து மகசூலை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் மாசி, பங்குனியில் உலுக்கிக்கொள்ளலாம், ஓடு உடைத்து, கொட்டை எடுத்து விற்றுக்கொள்ளலாம். ஏலத்தொகை கோயிலுக்கு. அன்றைக்கே கொஞ்சம் கட்ட வேண்டும், மீதியைப் பங்குனி முடிவதற்குள் கட்ட வேண்டும்.

நல்ல வருடத்தில் அந்த ஏலம் சண்டை மாதிரி இருக்கும். மைத்துனனும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு ஏற்றுவார்கள். நானே பல தடவை எடுத்திருக்கிறேன். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எந்தக் கிளை ஏமாற்றும், எந்தக் கிளை கொட்டும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஆம்பளைகள் நடுவில் நின்று "இன்னும் ஆயிரம்" என்று நான் சத்தம் கொடுத்தால், "கெழவி வந்துருச்சுப்பா" என்று துண்டை உதறிவிட்டுப் போனவர்கள் உண்டு.

ஆனால் சில வருடம் ஊரில் யாராவது ஒருத்தர் விழுந்துவிடுவார். மழையில் வீடு போயிருக்கும், இல்லையென்றால் வீட்டுக்காரர் போயிருப்பார். அந்த வருடம் அவர் ஏலத்துக்கு வந்து, எல்லாருக்கும் முந்தி ஒரு விலை கேட்பார். அதற்கு மேல் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்ட விலைக்கே தோப்பு அவருக்குப் போய்விடும். யாரும் முன்கூட்டிக் கூடிப் பேசுவதில்லை. ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்ச் சொல்வதும் இல்லை. ஏலம் முடிந்த பிறகும் அதைப் பற்றி ஒரு சொல் வராது. சொன்னால் அது பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடும். கேட்கிறவருக்கும் ஒரு மரியாதை உண்டு. அடிமாட்டு விலைக்குக் கேட்கக் கூடாது. ஊர் முகத்தையும் அம்மன் முகத்தையும் பார்க்கிற மாதிரி ஒரு விலை கேட்க வேண்டும்.

நான் வாழ வந்த புதிதில் அதை முதல் தடவை பார்த்தேன். உழவு மாடு இரண்டும் இடி விழுந்து செத்துப்போன ஒரு மனிதர் கேட்டார். கேட்டதும் கூட்டம் அப்படியே கல்லாகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, எதற்கு என்று மட்டும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், "ஏன் ஒருத்தரும் மேல கேக்கல?" என்றேன்.

"என்னத்தக் கேக்கல? ஏலம் முடிஞ்சுபோச்சு. சோத்தப் போடு" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்கம் சொன்னதில்லை. அவர் போன பிறகு நானும் கஷ்டப்பட்டேன். ஆனால் எனக்காக ஊர் வாய் மூடும்படி நான் விட்டதில்லை. அந்த வருடம் ஏலத்துக்கே போகாமல் வீட்டில் இருந்துகொண்டேன். அந்தப் பழக்கத்துக்கு எங்கள் பேச்சில் ஒரு பேர்கூடக் கிடையாது. பேர் வைத்தால் பேச வேண்டி வருமே.

பேர் என் மகன் கொண்டுவந்தான்.

அவன் பேங்க் உத்தியோகத்தில் ஊர் ஊராகச் சுற்றி, ரிட்டையர் ஆகி, போன வருடம்தான் பெண்சாதியோடு வீட்டுக்கு வந்தான். சின்னப் பையனாக ஹாஸ்டலுக்குப் போனவன், தை மாசத்து ஏலத்துக்கு ஊரில் இருந்ததே இல்லை. பொங்கலுக்கு வந்தாலும் மறுநாள் பஸ் ஏறிவிடுவான். படித்தவன், கணக்குச் சுத்தமானவன் என்று கோயில் கமிட்டியில் அவனைப் பொருளாளராகப் போட்டார்கள். ஏலத்தையும் அவனே நடத்தட்டும் என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது.

முடி வெட்டப் போன இடத்தில் யாரோ அவனிடம் பழைய ஏலக் கதைகளைச் சொல்லியிருக்கிறார்கள். விலை மட்டும் சொன்னார்களே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான்.

"அம்மா, சில வருசம் தோப்பு பாதி விலைக்குப் போயிருக்காமே. இது சுத்தமா அண்டர்பிரைஸ் பண்ற வேலை."

"அப்படின்னா என்னலே?"

"ஒரு பொருளுக்கு உள்ள மதிப்பு என்னமோ, அதுக்குக் கீழ வெலை வைக்கிறது."

"வெவரம் தெரியாம வச்சாலுமா?"

"தெரியாம வச்சாலும் அதுதான். தெரிஞ்சே வச்சாலும் அதுதான்."

"பக்கத்துக் கடைக்காரனக் கவுக்கணும்னு கொறைச்சு வித்தா?"

"அதையும் சொல்லலாம்."

"அழுகிப்போகுமேன்னு பயந்துக்கிட்டு வித்தா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதாம்மா. எதுக்காக வச்சாகன்னு அந்த வார்த்தை கேக்காது. கீழ வச்சாச்சா, முடிஞ்சது."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தக்காளியைச் சாக்கடையில் கொட்டுகிற விலைக்கு விற்கிறவன், கல்யாணச் செலவுக்கு நிலத்தை அவசரத்தில் தள்ளிவிடுகிறவன், எதிர்க்கடையை மூடவைக்க நினைக்கிறவன், இத்தனை பேரையும் ஒரே சொல்லுக்குள் எப்படி உட்காரவைத்தார்கள்! ஒரு ஜீப்பில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற மாதிரியல்லவா இருக்கிறது. அந்தச் சொல்லை வாயில் போட்டு ரெண்டு நாள் உருட்டிக்கொண்டே இருந்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஆனால் காதில் விழுந்த சொல் எனக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் தேங்காய் ஏவாரி வந்தான். வழக்கம் போலக் கீழே கேட்டான்.

"ஏலே, என் காய அண்டர்பிரைஸ் பண்ணாத" என்றேன்.

அவன் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டான். "பெரியாத்தா இங்கிலீசுல வையிறாகளே!"

உள்ளேயிருந்து என் மகன் சத்தம் போட்டான். "அம்மா, அவரு கொறைச்சுக் கேட்டா அதுக்கு அந்த வார்த்தை இல்ல. நீ கொறைச்சுக் குடுத்தாத்தான்."

"நான் என்னிக்குலே கொறைச்சுக் குடுத்தேன்?"

"அப்ப உனக்கு அந்த வார்த்தையே வேண்டாம், விடு."

ஏவாரி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த சிரிப்பில் காய்க்கு ஒரு ரூபாய் ஏற்றிக் கொடுத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி விளையாட்டாகத்தான் இருந்தது. அடுத்த வீட்டுக்காரி வந்து என் மாட்டுத் தொழுவத்து வாசலில் நின்ற அன்றைக்குத்தான் என் சிரிப்பு நின்றது.

அவளுடைய புருசன் ஜீப் ஓட்டினவன். விடியுமுன்னே பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போவான், சாயங்காலம் கூட்டிவருவான். போன மழைக்காலத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, மலைப்பாதை வளைவில் மண் சரிந்து வண்டி உருண்டது. உயிர் தப்பியது, இடுப்பு போய்விட்டது. கட்டிலோடு கிடக்கிறான். வண்டியை விற்று வைத்தியம் பார்த்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள், கம்பத்தில் படிக்கிறார்கள். அவள் சின்ன வயதிலிருந்து கூலிக்குப் புளி உடைத்தவள். அவள் கை ஓடுகிற வேகத்துக்கு இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் கூலி கூலிதானே.

"பெரியம்மா, எங்க அண்ணன் திருப்பூருக்கு வந்துருங்கன்னு கூப்புடுறாக. பனியன் கம்பெனியில வேலை இருக்காம். ஒத்த ரூமு" என்றாள்.

"அவன் என்ன சொல்றான்?"

"அவுக செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக."

நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். வாளியைத் தள்ளி வைத்தேன்.

"தோப்பக் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன், பெரியம்மா. கெடைச்சா இங்கனயே இருந்துருவோம். கெடைக்கலைன்னா வீட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"கேளு" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. ஊரில் எல்லாருக்கும் அவள் நிலைமை தெரியும். அவள் முன்னால் வந்து நின்றால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் என் மகன் கோயில் மைக்கில் பேசினான். வேப்பமரத்தில் கட்டின குழாயில் அவன் குரல் கணீரென்று வந்தது. ஏலத் தேதியைச் சொன்னான். வெளியூர் ஏவாரிகளுக்கும் சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொன்னான். பிறகு இதையும் சொன்னான்.

"அம்மன் தோப்பு எழுபதாயிரத்துக்குக் கொறையாமப் போகும். மண்டபத் தளம் ஒழுகுது. அம்மன் சொத்த மதிப்புக்குக் கீழ கேக்குறது அம்மன் கையில இருக்கிறதப் பிடுங்குறதுக்குச் சமம். எல்லாரும் நெனச்சுப் பாக்கணும்."

அடுத்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோனது. வெகு நேரம் கழித்துத்தான் மறுபடியும் ஆரம்பித்தது.

சாப்பிட வந்தவனிடம் எரிந்து விழுந்தேன். "மைக்கு கெடைச்சா என்ன வேணாலும் பேசிர்றதா?"

"நான் யாரையும் மனசுல வச்சுச் சொல்லலம்மா. அம்மன் தலைக்கு மேல தார்ப்பாயக் கட்டி வச்சிருக்கோம். வெக்கமா இல்லையா நமக்கு?"

அவன் சொன்னதும் நிஜம்தான். போன ஐப்பசியில் அபிஷேகத்துக்கு முந்தியே மழைத் தண்ணீர் அம்மனுக்கு அபிஷேகம் செய்துவிட்டது. நான் அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவன் மனசு இளகியிருப்பான். கல் நெஞ்சுக்காரன் இல்லை என் மகன். ஆனால் சொன்னால் அந்தப் பழக்கம் அன்றோடு செத்தது. இத்தனை வருடமாக ஒரு ஊரே சொல்லாமல் வைத்திருந்ததை, என் பிள்ளை என்பதற்காக நான் உடைப்பதா? தொண்டை வரைக்கும் வந்ததை ரசத்தோடு விழுங்கினேன்.

ஏலத்தன்று வெயில் இளசாக இருந்தது. தோப்புக்குள்ளேயே மேசை போட்டு, கோயில் வேப்பமரத்துக் குழாய்க்குக் கம்பி இழுத்து மைக் வைத்து, என் மகன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். ஊர் முழுக்க வந்துவிட்டது. ஆம்பளைகள் முன்னால் நின்றார்கள், பொம்பளைகள் வேர்களின்மேல் உட்கார்ந்திருந்தோம். அல்லிநகரத்தில் கமிஷன் கடை வைத்திருக்கிற ஒரு புளி ஏவாரி சின்ன வேன் ஒன்றில் வந்து இறங்கினார். தும்பைப்பூ வேட்டி, தோளில் துண்டு. வந்ததும் யாரையும் பார்க்கவில்லை, மரங்களைத்தான் பார்த்தார். ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே கடைசி மரம் வரைக்கும் போய்த் திரும்பினார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது, இவர் நம்மளவுக்குத் தெரிந்தவர். பூப்பூத்த நேரத்தில் மழை அடித்துவிட்டதால் மேற்கு வரிசையில் காய் ஒட்டவில்லை. நான் ஐம்பது, ஐம்பத்தைந்து என்று மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். அவரும் அப்படித்தான் போட்டிருப்பார்.

சத்தத்தில் காது கிழிந்தது. "காயப் பாரு, ஒத்தக் கையால தூக்கிறலாம் போல", "உனக்கு மொதல்ல ஏறத் தெரியுமா மாப்ள?" என்று வழக்கமான பேச்சு. என் மகன் மைக்கைத் தட்டினான்.

"அம்மன் தோப்பு. இந்த வருச மகசூல். கேக்கலாம்."

அடுத்த வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சலவைச் சேலை கட்டியிருந்தாள். அவளைப் பார்த்ததும் பேச்சு அடங்க ஆரம்பித்தது. முன்வரிசை அடங்கியது, பின்வரிசை அடங்கியது, கடைசியில் ஓடைப்பக்கம் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்களும் அடங்கினார்கள். அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. நெஞ்சுக்குள் அம்மனைக் கும்பிட்டேன்.

அவள் நிமிர்ந்து நின்று, தெளிவாகக் கேட்டாள்.

"எழுபதாயிரம்."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். பாவி மகள், வெள்ளிக்கிழமை மைக்கில் சொன்னதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மன் கையிலிருந்து பிடுங்கினவள் என்று பேர் வாங்குவதைவிட, இல்லாத காசைக் கட்டி அழிந்துபோகலாம் என்று வந்து நிற்கிறாள். ரோசக்காரி. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அந்த விலைக்கு எடுத்தால் ஒவ்வொரு கொட்டையாக எடுத்து விற்றாலும் கட்ட முடியாது. பங்குனி முடிய வீடுதான் போகும்.

ஊர் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. இத்தனை காலம் ஆளைக் காப்பாற்றின அமைதி, இப்போது அவள் கழுத்தில் கயிறு மாதிரி விழுந்துவிட்டது. யாராவது மேலே கேட்டால் அவள் தப்பிப்பாள், ஆனால் தோப்பு போய்விடும், அவள் திருப்பூர் போய்விடுவாள். கேட்காவிட்டால் எழுபதாயிரத்தில் மாட்டிக்கொள்வாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "கொறைச்சுக் கேளுடி" என்று கத்த வேண்டும் போல என் நாக்கு துடித்தது. பல்லால் கடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஏலத்தில், கேட்ட விலையை நடத்துகிறவர் திருப்பிச் சொல்லி, "ஒரு தரம்" என்று சொன்ன பிறகுதான் அது நிற்கும். அதுவரைக்கும் அது வெறும் பேச்சு. என் மகன் வாயைத் திறந்தான்.

"எழு..." என்றான். நிறுத்தினான்.

அவளைப் பார்த்தான். குனிந்திருந்த தலைகளை எல்லாம் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் ஒரு சாடையும் காட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வேரில் இருந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நேரத்தில், எதைக் கண்டு அவனுக்கு விளங்கியது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அவன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான்.

"மைக்கு சரியில்ல போல. ஒண்ணும் கேக்கலயே. என்ன கேட்டீக, தங்கச்சி?"

அவன் குரல் குழாயில் மலை வரைக்கும் போய்த் திரும்பியது. மைக் அவன் வாய்க்கு முன்னால்தான் இருந்தது. அவள் மைக்கில் பேசவே இல்லை. கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று பேசினாள். காசு விசயத்தில் ஒரு பைசா பிசகினால் ராத்தூக்கம் வராதவன் என் மகன். அவன் நூறு பேர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, காது கேட்கவில்லை என்கிறான்.

கமிட்டித் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஆமா, எனக்கும் வெளங்கல."

"மைக்கு காலையில இருந்தே கொரகொரன்னுதான் இருக்கு" என்றார் இன்னொருத்தர்.

எல்லார் கண்ணும் அல்லிநகரம் ஏவாரி பக்கம் திரும்பியது. வெளியூர்க்காரர். டீசல் போட்டு வந்தவர். அவர் அவளுக்கு அடுத்துத்தான் நின்றார். துண்டை எடுத்து முகத்தை மெதுவாகத் துடைத்தார். துடைத்துவிட்டு, "நான் மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கும் கேக்கல" என்றார்.

அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எந்த ஊரில், எந்த ஏலத்தில் அவர் இதைப் பார்த்திருந்தாரோ.

இப்போது எல்லாம் அவள் கையில் இருந்தது. அவள் முகம் சிவந்து, கண் நிறைந்து நின்றாள். எழுபதைத் திரும்பச் சொன்னால் அதற்கு மேல் யாரும் செவிடாக முடியாது. ஊர் கொடுப்பதை வாங்குவதும் லேசான காரியம் இல்லை. எனக்கு அது தெரியும். வாங்கத் தெரியாமல் ஒரு வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவள் நான். அவள் கோயில் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்தாள். கையை ஒரு தடவை கூப்பினாள்.

"முப்பத்தஞ்சு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "முப்பத்தஞ்சாயிரம், அண்ணே" என்றாள்.

முப்பது கேட்டிருக்கலாம். ஊர் அதற்கும் வாய் மூடியிருக்கும். அந்த ஐந்தை அவளாகச் சேர்த்தாள்.

"முப்பத்தஞ்சாயிரம்" என்றான் என் மகன், இந்தத் தடவை ஒரு எழுத்தும் பிசகாமல். "ஒரு தரம்."

முறைப்படி காத்திருந்தான். அவசரப்படவில்லை. யாரும் மேலே கேட்பதற்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டுமோ அவ்வளவும் கொடுத்தான். ஊரில் எந்த நேரமும் வாயாடுகிற அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். போன வருடம் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் தோப்பை விட்டுவிட்டு, ஒரு வருடமாக அதையே சொல்லிப் புலம்பினவர் நின்றார். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று இருந்தவர் நின்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது, தாய்க்காரி அதை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தரம்."

யாருடைய சட்டைப் பையிலோ போன் அடித்தது. சினிமாப் பாட்டு. அந்த ஆள் எடுக்கவில்லை. எடுத்து "அலோ" என்று சொன்னால்கூட அது வாய் திறந்ததாகிவிடுமே என்று, பாட்டு முழுசாகப் பாடி முடிகிற வரைக்கும் நெஞ்சில் கையை வைத்து அமுக்கிக்கொண்டு நின்றான். இன்னொரு நாளாக இருந்தால் கூட்டம் சிரித்து உருண்டிருக்கும். அன்றைக்கு ஒரு உதடு அசையவில்லை. மேலே புளிய இலை அசைகிற சத்தம் எனக்குக் கேட்டது. வாழ்நாளெல்லாம் அந்தத் தோப்பில் திரிந்திருக்கிறேன், அந்தச் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மூணு தரம்" என்றான். மேசையைக் கையால் தட்டினான்.

கோயில் மண்டபத்தில் இந்த வருடமும் தார்ப்பாய்தான். அதை மறைப்பதற்கு இல்லை. மழை வந்தால் அம்மன் நனைவாள், என் மகன் குடை பிடிப்பான். அன்றைக்கு ராத்திரி அவன் என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இங்கிலீஷ் சொல்லை இந்தக் காரியத்துக்குச் சொல்லலாமா என்று கேட்க எனக்கு ஆசைதான். விலையைக் கீழே வைத்தது யார்? அவளா, ஊரா, அம்மனா, மேசையைத் தட்டின என் மகனா? கேட்டால் அவனுக்குப் பதில் தெரிந்திருக்கும். நான்தான் கேட்கவில்லை.

மேசையைத் தட்டினதும் கூட்டம் கலைய ஆரம்பித்தது. அவள் அன்றைக்குக் கட்ட வேண்டிய தொகையை முந்தியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் போய் அவிழ்த்துக் கொடுத்தாள். அல்லிநகரம் ஏவாரியும் மேசைக்கு வந்தார்.

"ஆத்தா, ஒடைச்ச புளி எனக்குத்தான் குடுக்கணும். நானே வண்டி கொண்டாந்து ஏத்திக்கிறேன்" என்று சொல்லி, கிலோவுக்கு ஒரு விலையும் சொன்னார்.

அவள் முந்தியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த வெலைக்குக் கொட்டையத்தான் தருவேன். பழம் வேணும்னா வெலையச் சொல்லுங்க."

"ஏ ஆத்தா, மார்க்கெட்டு அப்படி இருக்கு."

"நாங்களும் மார்க்கெட்டுக்குப் போறவுகதான். நார் எடுத்து, கொட்டை எடுத்து, தூசி தும்பு இல்லாமத் தாரேன். எங்கன வாங்குவீக அப்படி?"

போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். அடைத்துவைத்திருந்த பேச்செல்லாம் மடை உடைந்தது. "விடாதடி!" "போன வருசம் என்கிட்ட இதே மாதிரிதான் கேட்டாக!" "ஏவாரி, வந்ததுக்கு ஏத்திக் குடுத்துட்டுப் போங்க!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். போன் அடித்த ஆளும் கத்தினான். ஏவாரி துண்டை உதறினார், தலையில் அடித்துக்கொண்டார், வேன் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தார். அவள் ஒவ்வொரு ரூபாயாக ஏற்றிக்கொண்டே போனாள்.

என் மகன் அதைப் பார்த்துக்கொண்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான். மைக்கை அணைக்க மறந்துவிட்டான். அவள் பேரம் பேசுகிற சத்தம் வேப்பமரத்துக் குழாய் வழியாக ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. அவள் வீட்டில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் இந்தப் பக்கமாகத் திரும்பி, கடைசி ரூபாய் வரைக்கும் கேட்டானாம்.